தேடுகிறவர் தட்டும் சொல் உங்கள் பக்கத்தில் இருக்கிறதா?

வெப்சைட் வைத்திருக்கும் வாசகர்கள் சந்தேகங்களை அனுப்பலாம் என்று சென்ற இதழில் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: கூகுளில் தேடினால் எங்கள் பக்கம் ஏன் வருவதில்லை, கீவேர்டை, அதாவது தேடுகிறவர் தட்டும் சொல்லை, எங்கே போடவேண்டும், எத்தனை தடவை போடவேண்டும்? பிற தளங்களிலிருந்து லிங்க் கிடைப்பது, விளம்பரம் கொடுப்பது போன்ற வெளிவேலைகளை இன்னொரு சமயம் பேசலாம். இந்த முறை பக்கத்துக்கு உள்ளே, உங்கள் கையிலேயே இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாக ஜமக்காளம் நெய்து விற்கிறது. வெப்சைட் போட்டு ஒரு வருஷம் ஆகிறது. கடைப் பெயரைத் தட்டினால் முதலில் வருகிறோம். ‘பவானி ஜமக்காளம்’ என்று தட்டினால் எங்கேயும் காணோம். என்ன குறை?
– ஒரு வாசகர், பவானி

உங்கள் தளத்தைப் பார்த்தேன். படங்கள் அருமை. ஆனால் முகப்புப் பக்கத்தின் டைட்டில் வெறும் ‘ஹோம்’ என்றிருக்கிறது. பிரவுசரின் மேல்பட்டையில் தெரிகிறதே, கூகுள் முடிவுகளில் நீல நிறத்தில் பெரிதாக வருகிறதே, அதுதான் டைட்டில். ‘பவானி கைத்தறி ஜமக்காளம்’ என்று பெரிதாக நீங்கள் எழுதியிருப்பது பேனர் படத்துக்குள்ளே இருக்கிறது. அது கண்ணுக்கு எழுத்து, கூகுளுக்குப் படம். கீழே வந்தால் ஒவ்வொரு ஜமக்காளத்துக்கும் ‘தயாரிப்பு 1’, ‘தயாரிப்பு 2’ என்று பெயர். ‘பாரம்பரியத்தின் பெருமை’, ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்ற வரிகள் இருக்கின்றன, இதே வரிகளை ஒரு நகைக்கடையும் போடலாம், நெய்க்கடையும் போடலாம். கடைப் பெயர் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் எழுத்தாகவே இருக்கிறது, அதனால் கடைப் பெயருக்கு வருகிறீர்கள். ஜமக்காளம் என்ற சொல் எழுத்தாக எங்கும் இல்லை, அதனால் அதற்கு வருவதில்லை. குறை இவ்வளவுதான்.

முதலில் டைட்டிலை மாற்றுங்கள். ‘பவானி கைத்தறி ஜமக்காளம் – நெசவாளரிடமிருந்து நேரடியாக’ என்று தொடங்கி, கடைப் பெயரைக் கடைசியில் வையுங்கள். டைட்டில் இத்தனை எழுத்துதான் இருக்கவேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை, ஆனால் திரையில் இடம் போதாவிட்டால் கூகுள் பின்பகுதியை வெட்டிவிடும். தமிழ் எழுத்து அகலமானது, சீக்கிரமே வெட்டுப்படும், ஆகவே முக்கியமான சொல் முன்னால் வந்துவிட வேண்டும். அதேபோலப் பக்கத்தின் மேலே பெரிய தலைப்பு ஒன்றை எழுத்தாகவே வையுங்கள், டைட்டிலை ஒட்டியே இருக்கட்டும். டைட்டில் பொருத்தமாக இல்லை என்று பட்டால் கூகுள் அதை விட்டுவிட்டுப் பக்கத்துத் தலைப்பை எடுத்துக் காட்டும். 2021 ஆகஸ்டில் இந்த முறையை மாற்றியமைத்த பிறகு இது அடிக்கடி நடக்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் கவலை இல்லை.

அப்புறம் முதல் பத்தி. இப்போதிருக்கும் பெருமைப் பத்தியை எடுத்துவிட்டு இப்படி ஏதாவது எழுதிப் பாருங்கள்: ‘பவானியில் எங்கள் சொந்தத் தறிகளில் நெய்த பருத்தி ஜமக்காளங்களை இங்கே வாங்கலாம். இரண்டு பேர் உட்காரும் சிறிய அளவிலிருந்து கல்யாண மண்டபத்துக்கு விரிக்கும் பெரிய அளவு வரை இருக்கிறது. வேண்டிய நிறம், கரை, அளவு சொன்னால் நெய்தும் கொடுப்போம்.’ கீவேர்டு என்று தனியாக எதையும் திணிக்கவில்லை, ஆனாலும் ஊர், பொருள், நூல், அளவு, பயன் எல்லாம் வந்துவிட்டன. நெசவாளரே எழுதினால் இப்படித்தான் எழுதுவார்.

ஒவ்வொரு ஜமக்காளத்துக்கும் அதனதன் பெயரைக் கொடுங்கள். ‘6க்கு 9 அடி பருத்தி ஜமக்காளம், சிவப்பு பச்சைக் கோடு’ என்றால் தேடுகிறவர் தட்டும் சொல்லும் அதில் இருக்கிறது, வாங்குகிறவருக்குத் தேவையான விவரமும் இருக்கிறது. படத்தின் கோப்புப் பெயர், படத்துக்கான ஆல்ட் டெக்ஸ்ட் இரண்டிலும் இதே விவரத்தைச் சுருக்கமாகப் போடுங்கள். ஆல்ட் டெக்ஸ்ட் என்பது கண் தெரியாதவர்களுக்குத் திரை வாசிப்பான் படித்துக் காட்டும் வரி. அந்த ஒருவருக்குப் படத்தை விளக்குவதாக நினைத்து எழுதினால் கூகுளுக்கும் சரியாக அமைந்துவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, இதற்குப் பணமே ஆகாது. வாடிக்கையாளர்கள் போனில் என்ன கேட்கிறார்கள் என்று கல்லாவில் ஒரு நோட்டு வைத்து எழுதி வாருங்கள். சாயம் போகுமா, வாஷிங் மெஷினில் போடலாமா, பத்துப் பேர் சாப்பிட உட்கார எந்த அளவு வாங்குவது, சீர்வரிசைக்குப் பெயர் போட்டு நெய்வீர்களா, விசைத்தறி ஜமக்காளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது. போனில் கேட்பவர் இதைத்தான் கூகுளிலும் தட்டியிருப்பார். எந்த மென்பொருள் தரும் கீவேர்டு பட்டியலும் இந்த நோட்டுக்கு ஈடாகாது. ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் கேட்ட சொற்களிலேயே துணைத்தலைப்பாக்கி, கீழே ஒழுங்கான பதிலைக் கொடுங்கள். விசைத்தறிக் கேள்விக்கு ஒரு தனிப் பக்கமே எழுதலாம். புவிசார் குறியீடு பெற்ற பொருள், அதன் பெயரில் போலி வருகிறது என்ற ஆதங்கம் உங்களுக்கு இருக்கிறது, கைத்தறி நெசவின் முன்பக்கம் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று படத்தோடு காட்ட உங்களைவிட யாரால் முடியும்?

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். ‘பவானி ஜமக்காளம்’ என்ற இரண்டு சொல்லுக்கு விக்கிப்பீடியா, செய்தித் தளங்கள், பெரிய விற்பனைத் தளங்கள் எல்லாம் முன்னால் நிற்கும், அவற்றைத் தாண்ட நாளாகும். ‘கல்யாணத்துக்கு பெரிய ஜமக்காளம் விலை’, ‘ஜமக்காளம் துவைப்பது எப்படி’ என்று நீளமாகத் தட்டுகிறவர்களை அவ்வளவு நாள் காத்திருக்காமல் பிடிக்கலாம், அவர்கள்தான் வாங்குகிறவர்களும். ஜமுக்காளம் என்று எழுதுகிறவர்களும் நிறைய. அந்த எழுத்துக்கூட்டலும் பக்கத்தில் ஓரிடத்தில் இயல்பாக வந்துபோகட்டும்.

மெட்டா கீவேர்ட்ஸ் என்ற இடத்தில் எத்தனை சொற்கள் போடலாம்? நான் நாற்பது போட்டிருக்கிறேன்.
– ஒரு கல்லூரி மாணவர், திருநெல்வேலி

ஒன்றுகூட வேண்டாம். அது பக்கத்தில் தெரியாமல், கீவேர்டுகளைப் பட்டியலிடுவதற்கென்று நிரலுக்குள்ளே இருக்கும் இடம். முடிவுகளை வரிசைப்படுத்த அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. இன்னமும் சில பயிற்சி வகுப்புகளில் அதை முதல் பாடமாக நடத்துவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

அந்த நேரத்தை மெட்டா டிஸ்கிரிப்ஷன் என்ற பக்கச் சுருக்கத்துக்குக் கொடுங்கள். அதனாலும் ரேங்க் ஏறாது, ஆனால் முடிவுகளில் டைட்டிலுக்குக் கீழே வரும் இரண்டு வரி பல சமயம் அங்கிருந்துதான் எடுக்கப்படுகிறது. பத்து முடிவுகளுக்கு நடுவே உங்களுடையதை ஒருவர் கிளிக் செய்வதும் தாண்டிப் போவதும் அந்த இரண்டு வரியில் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் வேறாக எழுதுங்கள்.

யாழ்ப்பாணச் சமையல் குறிப்புகளைத் தமிழில் எழுதிவருகிறேன். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள் என்று மகன் சொல்கிறான். தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா, தமிழை ஆங்கில எழுத்திலா? கீவேர்டை எந்த எழுத்தில் வைப்பது?
– ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

தமிழில் எழுதுவதை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள், அம்மா. ஆங்கிலத்தில் சமையல் பக்கங்கள் மலிந்து கிடக்கின்றன. ஒடியல் கூழுக்கு மாவை எவ்வளவு நேரம் ஊறவைத்துக் கசப்பை எடுப்பது, நண்டும் இறாலும் எந்தக் கட்டத்தில் போடுவது, பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் எப்போது என்று கையில் செய்தவர் தமிழில் எழுதிய பக்கம் குறைவு. போட்டி குறைந்த இடத்தில், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தோடு நிற்கிறீர்கள்.

தமிழில் எழுதும்போது ஒரு தனிச் சிக்கல் உண்டு, ஆங்கில எஸ்இஓ (தேடலில் பக்கத்தை முன்னுக்குக் கொண்டுவரும் வேலை) பாடங்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. நம் சொற்கள் சேரும்போது உருமாறும். ஒடியல் கூழ் என்று பிரித்தும் எழுதலாம், ஒடியற்கூழ் என்று சேர்த்தும் எழுதலாம், இரண்டும் சரி. ஆனால் கம்ப்யூட்டருக்கு அவை வெவ்வேறு எழுத்து வரிசைகள். மாவு என்பது மாவை, மாவில், மாவுக்கு என்று நீண்டுகொண்டே போகும். வேற்றுமை உருபு ஏறினால் வீடு வீட்டில் என்றாகிறது, மரம் மரத்தை என்றாகிறது, அடிச்சொல்லே மாறிவிடுகிறது. கூகுள் இதையெல்லாம் முன்பைவிட நன்றாகப் புரிந்துகொள்கிறது. பெர்ட் என்ற மொழிப் புரிதல் முறையை 2019 டிசம்பரில் 70க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு விரித்தார்கள். இருந்தாலும் ஆங்கிலத்தில் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தமிழில் புரிந்துகொள்ளும் என்று நம்பி அதன் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிடக் கூடாது.

எனவே டைட்டிலிலும் பெரிய தலைப்பிலும் ஆட்கள் தட்டுகிற வடிவத்தையே வையுங்கள். தேடும்போது யாரும் புணர்ச்சி விதி பார்ப்பதில்லை, பிரித்துத்தான் தட்டுகிறார்கள்: ‘ஒடியல் கூழ் செய்வது எப்படி’. உள்ளே கட்டுரையில் ஒற்று மிகுமிடத்தில் மிகட்டும், சேர்த்து எழுதவேண்டிய இடத்தில் சேர்த்தே எழுதுங்கள். கூகுளுக்காக நல்ல தமிழைக் கெடுக்க வேண்டிய தேவையே இல்லை, ஏனென்றால் ஒரு முழுக் கட்டுரையில் எல்லா வடிவங்களும் தானாகவே வந்துவிடும்.

ஆங்கில எழுத்தில் தட்டுகிற பிள்ளைகளுக்கு, முதல் பத்தியில் பதார்த்தத்தின் பெயரை ஒருமுறை ஆங்கில எழுத்திலும் கொடுங்கள், படத்தின் கோப்புப் பெயரையும் அப்படியே வையுங்கள். முழுக் குறிப்பையும் ஆங்கில எழுத்துத் தமிழில் எழுதாதீர்கள், தட்டுகிறவர்கூட அப்படிப் பத்தி பத்தியாகப் படிக்க விரும்பமாட்டார். தமிழே வாசிக்கத் தெரியாதவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள் என்றால் மகனை உட்காரவைத்து ஆங்கிலத்தில் ஒரு தனிப் பக்கம் எழுதச் சொல்லுங்கள், இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டவேண்டாம். இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று மொழி வடிவம் என்று கூகுளுக்குச் சொல்ல ஹெச்ரெஃப்லாங் என்ற குறி இருக்கிறது, தளம் செய்துகொடுத்தவரிடம் கேட்டால் போட்டுத் தருவார். ‘கனடாவில் ஒடியல் மா எங்கே வாங்கலாம்’ என்பது போன்ற கேள்விகளுக்கு அந்த ஆங்கிலப் பக்கம்தான் பொருத்தமான இடம்.

பக்க முகவரி பற்றியும் கேட்டிருந்தீர்கள். தமிழ் எழுத்திலேயே முகவரி வைத்தாலும் கூகுள் ஏற்றுக்கொள்ளும், தரத்தைக் குறைக்காது. ஆனால் அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பல சமயம் விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாகச் சிதறிவிடும். ‘புட்டு’ என்ற சின்னச் சொல்லே 54 குறிகளாக நீண்டுவிடுகிறது. பார்க்கிறவர் ஏதோ வைரஸ் என்று பயந்து தொடமாட்டார். அதனால் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக, சொற்களுக்கு நடுவே சிறுகோடு போட்டு வைப்பதே என் பழக்கம். ஏற்கெனவே வெளியிட்டுவிட்ட பக்கங்களின் முகவரியை இதற்காக மாற்றாதீர்கள், அதில் நஷ்டம்தான் அதிகம்.

பல் மருத்துவமனை ஒன்றின் இணையதளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். தளம் கட்டும் வேர்ட்பிரஸ் மென்பொருளோடு சேர்த்த எஸ்இஓ பிளகினில் பச்சை விளக்கு எரியும்வரை கீவேர்டைச் சேர்க்கிறேன். டாக்டர் படித்துவிட்டு ‘இதை யார் படிப்பார்’ என்கிறார். கீவேர்டு எத்தனை சதவீதம் இருக்கவேண்டும்?
– ஒரு வாசகி, சேலம்

டாக்டர் சொல்வதுதான் சரி. எந்தச் சதவீதமும் கிடையாது. பச்சை விளக்கு என்பது பிளகின் செய்தவர்கள் வைத்த நினைவூட்டல், கூகுளின் தீர்ப்பு அல்ல. அதோடு பல பிளகின்கள் நீங்கள் கொடுத்த சொல் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கிறதா என்றுதான் எண்ணுகின்றன. ‘பல் மருத்துவர்’ என்று கொடுத்தால் ‘பல் மருத்துவரிடம்’ என்று நீங்கள் எழுதியதைக் கணக்கில் சேர்க்காமல் சிவப்பைக் காட்டும், நீங்களும் பயந்துபோய் இன்னும் நாலு தடவை சேர்ப்பீர்கள்.

நீங்கள் அனுப்பிய பத்தியை வாசகர்களும் பார்க்கட்டும்: ‘சேலத்தில் சிறந்த பல் மருத்துவர் தேடுகிறீர்களா? சேலத்தில் சிறந்த பல் மருத்துவர் எங்களிடம் இருக்கிறார். சேலத்தில் சிறந்த பல் மருத்துவர் மூலம் குறைந்த செலவில் சிகிச்சை பெற சேலத்தில் சிறந்த பல் மருத்துவர் மருத்துவமனைக்கு வாருங்கள்.’ பல்வலியோடு ராத்திரி போனைத் திறக்கிறவருக்கு இதில் ஒரு விவரம்கூட இல்லை. கூகுளும் இதைத் திணிப்பு என்றே சொல்கிறது, தேடலை ஏமாற்றும் வேலைகளுக்கு எதிரான அவர்களுடைய ஸ்பாம் விதிகளில் பெயர் சொல்லியே இருக்கிறது. ஒரு காலத்தில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் கீவேர்டை நூறு முறை ஒளித்து வைப்பார்கள், அது எடுபட்டதும் உண்டு. 2012 ஏப்ரலில் வந்த பெங்குவின் மாற்றம் இந்த மாதிரித் திணிப்பையும் செயற்கை லிங்குகளையும் குறிவைத்துத்தான் வந்தது.

இப்படி மாற்றலாம்: ‘வேர் சிகிச்சை, பல் கட்டுதல், ஈறு வீக்கம், குழந்தைகளின் பால்பல் பிரச்சினை எல்லாவற்றுக்கும் சேலத்தில் எங்கள் பல் மருத்துவமனையில் சிகிச்சை உண்டு. திடீர் வலி என்றால் முன்பதிவு இல்லாமலே வரலாம்.’ கீழே நேரம், தோராயமான கட்டணம், மருத்துவரின் படிப்பு, எந்தப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கவேண்டும் என்பது வரைக்கும் போடுங்கள். ஊரும் தொழிலும் ஒருமுறை டைட்டிலில், ஒருமுறை தலைப்பில், உள்ளே வரவேண்டிய இடத்தில் வந்தால் போதும். ரூட் கெனால், ஸ்கேலிங், கேப், எக்ஸ்ரே என்று அந்தத் தொழிலோடு சேர்ந்த சொற்கள் இயல்பாக வரும்போதுதான் இது பல் மருத்துவம் தெரிந்தவர்கள் எழுதிய பக்கம் என்பது தெரிகிறது. மக்கள் ‘வேர் சிகிச்சை’ என்று தேடுவதைவிட ‘ரூட் கெனால்’ என்றே அதிகம் சொல்கிறார்கள், ஆகவே துணைத்தலைப்பில் அதையே வையுங்கள்.

எழுதி முடித்ததும் வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே ஒரு கீவேர்டு திணிக்கப்பட்டிருக்கும். ஊர் அளவில் நடக்கும் மருத்துவமனைக்குக் கூகுள் பிசினஸ் புரொஃபைல் பதிவும் கட்டாயம், மேப்பில் வருவது அதை வைத்துத்தான்.

வீட்டுக்கு வந்து டியூஷன் எடுக்கும் ஆசிரியர்களை ஏற்பாடு செய்கிறோம். தாம்பரம், வேளச்சேரி, அண்ணா நகர் என்று ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு பக்கம் வீதம் ஏஐ மூலம் நூற்றுக்கணக்கில் போட நினைக்கிறோம். லாபமா?
– ஒரு வாசகர், சென்னை

ஏரியா பெயரை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே விடுவதென்றால் வேண்டவே வேண்டாம். இதற்கு டோர்வே பக்கங்கள் என்று பெயர், கூகுள் விதிப்படி தவறு. 2024 மார்ச்சில் இன்னொன்றையும் விதியாகச் சேர்த்தார்கள்: ரேங்குக்காக மட்டும் மொத்தமாகத் தயாரித்துக் குவிக்கும் பக்கங்கள், அவற்றை மனிதர் எழுதினாலும் சரி ஏஐ எழுதினாலும் சரி, ஸ்பாம். ஏஐ பயன்படுத்துவதே குற்றம் என்று சொல்லவில்லை, சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் குவிப்பதுதான் குற்றம்.

தாம்பரத்தில் உண்மையிலேயே உங்களுக்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள், எந்த வகுப்புக்கு எந்தப் பாடம், எந்தப் பாடத்திட்டம், மாதக் கட்டணம் எவ்வளவு, அந்தப் பகுதிப் பெற்றோர் என்ன சொன்னார்கள் என்று எழுத விஷயம் இருக்கிறது என்றால் தாம்பரத்துக்கு ஒரு பக்கம் போடுங்கள். அப்படி நான்கைந்து இடங்களுக்குத்தான் எழுத முடிகிறதா, நான்கைந்தே போதும்.

மாடித்தோட்டம் பற்றி எழுதுகிறேன். செம்பருத்தியில் வரும் மாவுப்பூச்சி பற்றி மூன்று பதிவுகள் இருக்கின்றன. ஒருநாள் ஒன்று வருகிறது, மறுநாள் இன்னொன்று வருகிறது, எதுவும் முதல் பக்கத்துக்கு வருவதில்லை.
– ஒரு வாசகி, திருச்சி

மூன்றும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்கின்றன, அதனால் எதைக் காட்டுவது என்று கூகுளுக்கே தெளிவில்லை. உங்கள் பக்கங்களே ஒன்றையொன்று கீழே இழுக்கின்றன. உங்கள் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று கூகுளே காட்டும் சர்ச் கன்சோலைத் திறந்து பாருங்கள், இலவசம்தான். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் தேடுசொல் பட்டியல் இருக்கும், 16 மாதம் வரைக்கும் பின்னோக்கிப் பார்க்கலாம். அதில் ‘மாவுப்பூச்சி’ என்று வடிகட்டி, பேஜஸ் என்ற பிரிவைத் தட்டினால் இந்த மூன்று பக்கங்களும் எத்தனை முறை காட்டப்பட்டன, எத்தனை கிளிக், சராசரியாக எத்தனையாவது இடம் என்று தெரியும். அதிகம் கிளிக் வாங்கும் பக்கத்தை வைத்துக்கொண்டு, மற்ற இரண்டிலும் உள்ள நல்ல விஷயத்தை அதில் சேர்த்து எழுதுங்கள். பிறகு அந்த இரண்டு முகவரிகளையும் 301 ரீடைரக்ட் மூலம் இதற்குத் திருப்பிவிடுங்கள். வெறுமனே அழித்துவிட்டால் பழைய லிங்க் வழியாக வருகிறவர்கள் காலிப் பக்கத்தில் வந்து நிற்பார்கள்.

அந்தப் பட்டியலோடு இன்னும் கொஞ்ச நேரம் உட்காருங்கள். சராசரி இடம் 8க்கும் 20க்கும் நடுவில், காட்டப்பட்டது நிறைய, கிளிக் மிகக் குறைவு என்று சில தேடுசொற்கள் இருக்கும். முதலில் கை வைக்க வேண்டியது அவற்றில்தான், ஏனென்றால் கூகுள் ஏற்கெனவே உங்கள் பக்கத்தை அந்தச் சொல்லோடு சேர்த்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. உதாரணத்துக்கு ‘வேப்பெண்ணெய் ஒரு லிட்டருக்கு எவ்வளவு’ என்று வந்திருக்கிறது என்று வையுங்கள். உங்கள் பதிவில் அந்த அளவு பன்னிரண்டாம் பத்தியில், பாட்டி காலத்துத் தோட்டக் கதைக்குப் பின்னால் இருக்கிறது. அதை மேலே கொண்டுவந்து, ‘மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் எவ்வளவு கலக்கவேண்டும்?’ என்று துணைத்தலைப்பு கொடுத்து, அடுத்த வரியிலேயே லிட்டருக்கு 5 மில்லி, கூடக் கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கவேண்டும் என்று எழுதிவிடுங்கள். கதையைக் கீழே வைத்துக்கொள்ளுங்கள், அதைப் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

மற்ற பதிவுகளிலிருந்து இதற்கு லிங்க் கொடுக்கும்போது ‘இங்கே கிளிக் செய்யவும்’ என்று எழுதாதீர்கள். ‘செம்பருத்தியில் மாவுப்பூச்சியை விரட்டும் முறை’ என்ற சொற்களின் மேலேயே லிங்கை வையுங்கள். போகிற இடத்தில் என்ன இருக்கிறது என்பது படிக்கிறவருக்கும் தெரியும், கூகுளுக்கும் தெரியும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நான். எங்கள் ஊர் வரலாற்றை இருபது ஆண்டுகளாகச் சேர்த்து இணையத்தில் ஏற்றியிருக்கிறேன். ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினாலும் ஒரு கட்டுரைகூட வருவதில்லை. எதில் தவறு?
– ஒரு வாசகர், மட்டக்களப்பு

ஐயா, உங்கள் கட்டுரைகளைப் படித்தேன். கோயில் கல்வெட்டு பற்றியும் வயல்வெளிப் பெயர்கள் பற்றியும் எழுதியிருப்பவை வேறெங்கும் கிடைக்காதவை. இவை தேடலில் கிடைத்தே ஆகவேண்டும்.

பழைய கட்டுரைகள் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. அதில் அடியில் இருப்பவை ஆங்கில எழுத்துகள், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். கூகுள் உருவத்தைப் பார்ப்பதில்லை, அடியில் இருக்கும் எழுத்தைப் படிக்கிறது. அதற்கு உங்கள் ஊர் வரலாறு பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகிறது. இப்படி எத்தனையோ நல்ல தமிழ்க் கட்டுரைகள் யார் கண்ணிலும் படாமல் கிடக்கின்றன. பாமினியிலிருந்து, தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே பதியும் யூனிகோடு முறைக்கு மாற்றித்தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. கட்டுரையை ஒட்டினால் நொடியில் மாறிவிடும், பிறகு நிறுத்தக்குறிகளையும் எண்களையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், அங்கேதான் பிழை வரும். ஸ்கேன் செய்து படமாக ஏற்றியவற்றுக்கு, முழுவதும் தட்டச்சு செய்ய முடியாவிட்டாலும் தலைப்பு, ஊர்ப் பெயர், ஆண்டு, உள்ளே வரும் முக்கியப் பெயர்கள், நாலு வரிச் சுருக்கம் ஆகியவற்றையாவது எழுத்தாகச் சேருங்கள்.

புதிய கட்டுரைகள் யூனிகோடில்தான் இருக்கின்றன, ஆனாலும் வரவில்லை என்பதால் இன்னொன்றையும் பார்க்கச் சொல்கிறேன். வேர்ட்பிரஸில் செட்டிங்ஸ் போய் ரீடிங் என்ற பக்கத்தைத் திறந்தால், தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்காமல் தவிர்க்கச் சொல்லும் ஒரு கட்டம் கீழே இருக்கும். தளம் கட்டும்போது டிக் செய்துவிட்டு, முடிந்த பிறகு எடுக்க மறந்துவிடுவது சகஜம். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு சர்ச் கன்சோலில் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன் என்ற இடத்தில் முக்கியமான பக்கங்களின் முகவரியைக் கொடுத்து, சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த இரண்டும் சரியாகும்வரை கீவேர்டு பற்றி யோசிக்கவே தேவையில்லை. ஊர்ப் பெயரும் கோயில் பெயரும் உங்கள் எழுத்தில் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன.

ஒரு எஸ்இஓ நிறுவனம் ஒரே மாதத்தில் முதலிடம் உத்தரவாதம் என்கிறது. முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

கொடுக்காதீர்கள். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தரமுடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. பக்கத்தில் செய்யும் மாற்றம் சில நேரம் ஓரிரு நாளில் தெரியும், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும். நீங்கள் மாற்றும் அதே வாரத்தில் போட்டிக் கடைக்காரரும் மாற்றுவார். சிலர் ஒரு தந்திரம் செய்வதுண்டு: யாருமே தேடாத ஒரு நீளமான சொற்றொடரை எடுத்து, அதற்கு உங்களை முதலில் கொண்டுவந்து காட்டிப் பணம் வாங்கிவிடுவார்கள். எந்தச் சொல்லுக்கு, மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று முதலிலேயே கேளுங்கள்.

நல்ல ஆட்களும் இருக்கிறார்கள். அவர்கள் உங்கள் வியாபாரத்தைப் பற்றி நிறையக் கேட்பார்கள், எந்தப் பக்கத்தில் எதை ஏன் மாற்றப் போகிறார்கள் என்று பட்டியல் கொடுப்பார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் முதலில் இரண்டு மூன்று பக்கங்களை மட்டும் கொடுத்து, மாற்றியதற்கு முன்னும் பின்னும் சர்ச் கன்சோல் எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். யாரிடம் வேலை கொடுத்தாலும் டொமைன் (தளத்தின் பெயர்), ஹோஸ்டிங் (தளம் இருக்கும் சர்வர் இடம்), சர்ச் கன்சோல் மூன்றும் உங்கள் மின்னஞ்சலில் உங்கள் பெயரில் இருக்கவேண்டும், அவர்களுக்கு உள்ளே வந்து வேலை செய்யும் அனுமதி மட்டும் போதும். இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள், வேறொருவர் பெயரில் இருந்தால் புதிதாக யாருக்கும் பணம் கொடுப்பதற்கு முன்னால் அதை உங்கள் பெயருக்கு மாற்றி வாங்கிவிடுங்கள்.